ஒன்பது முழம் பூவும் ஓடாத ஃபேனும்

காரை நிறுத்தி இறங்கியதும் என் வலது கை சுவரில் பிளக்கைத் தேடுகிறது. திண்டுக்கல்லில், பங்குனி வெயிலில், கைப்பிடிச் சுவர்கூடச் சுடுகிற பிற்பகலில் தேடுகிறது. வந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. இதுவரை பதினேழு முறை தேடியிருக்கிறேன். பதினேழாவது முறை பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், சாவி விழுந்துருச்சா?" என்று கேட்டார். பிளக் என்று சொன்னால் விளக்க வேண்டியிருக்கும் என்பதால் ஆமாம் என்றேன்.

விளக்கம் இதுதான். எட்மண்டனில் குளிர்காலத்தில் காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு வால் தொங்கும், இன்ஜினைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் வயர். இரவில் அதை வீட்டுச் சுவரில் இருக்கும் மின் இணைப்பில் சொருக வேண்டும். சொருகாவிட்டால் மைனஸ் முப்பதில் இன்ஜின் ஆயில் இறுகி, காலையில் வண்டி கிளம்பாது. இருபத்து மூன்று குளிர்காலம் சொருகியிருக்கிறேன். அங்கே காரைச் சூடாக வைத்துக்கொள்வது ஒரு கவலை. இங்கே அதைக் குளிர வைப்பது கவலை. கார் வேறு, ஊர் வேறு, கவலைப்படுகிற ஆள் மட்டும் ஒருவன்தான்.

இங்கே நான் கணக்கு ஆசிரியராக இருந்தேன். அங்கே போய் ஒரு பெரிய கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை பார்த்தேன். எனக்கு அது இறக்கமாகத் தெரியவில்லை. எண்ணுவதற்குத்தானே சம்பளம் தந்தார்கள். ஓய்வு பெற்றபின் ஆண்டுக்கு ஐந்து மாதம் திண்டுக்கல்லில் இருப்பது என்று நானும் என் மனைவி சரோஜாவும் முடிவு செய்தோம். அதற்காகவே ஒரு பழைய கார் வாங்கி என் தங்கை வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இந்த வருகையில் அந்தக் காருக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. சரோஜாவின் அக்கா பாக்கியம் சித்தையன்கோட்டையில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையில் இருக்கிறார். உடன்பிறந்த ஐந்து பேரில் இப்போது மிச்சம் அவரும் சரோஜாவும்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் நாங்கள் போய் வருகிறோம். போகும் வழியில் வேகத்தடைகள் முப்பத்திரண்டு. எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டை அடையும் முன் ஒரு ரயில்வே கேட்.

அந்தக் கேட்டில்தான் அது நடந்தது. அதுவரை ஓரிரு நிமிடத்துக்கு மேல் நாங்கள் அங்கே நின்றதில்லை. அன்று சரக்கு ரயில் ஒன்றுக்காகப் பதினொரு நிமிடம் அடைத்துவிட்டார்கள். ஏசியிலிருந்து வந்த காற்று முதலில் குளிர்ச்சி குறைந்தது, பிறகு வெதுவெதுப்பானது, கடைசியில் ஹேர் டிரையர் போல முகத்தில் அடித்தது. எனக்குப் பக்கத்தில் பேச்சு நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. சரக்குப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்றாவது பெட்டியில் திரும்பிப் பார்த்தபோது சரோஜாவின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்கு அவள் சாப்பிடும் மாத்திரை வெயிலில் அழுத்தத்தை மேலும் இறக்கிவிடும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண் விழித்ததும் அவள் கேட்டது, "கேட் தெறந்துட்டாங்களா? அக்கா காத்துட்டு இருக்கும்."

சரோஜாவுக்கு மயக்கம் வந்ததை மகன் கார்த்தியிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவன் எட்மண்டனிலிருந்து, அவனுக்குக் காலை, எனக்கு மாலை, நிதானமாகப் பேசினான். "அப்பா, ஞாயித்துக்கெழம வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஏசி சரியாகலன்னா டிக்கெட்ட முன்னால மாத்திருவேன். இங்க வந்துருங்க."

சரோஜா போனை வாங்கினாள். "ஏசி கெட்டா ஏசியத்தானடா மாத்தணும், எதுக்கு ஊர மாத்தணும்?" என்று கேட்டுவிட்டு என்னிடம் திருப்பித் தந்தாள். அவளுக்குக் கேள்வி எளியது. அக்காவின் பக்கத்தில் இன்னும் மூன்று மாதம் உட்கார முடியுமா, முடியாதா. அடுத்த வருகையில் அந்தக் கட்டிலில் அக்கா இருப்பார் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

மறுநாளே பைபாஸ் அருகே ஒரு கடைக்கு ஓட்டிப் போனேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அங்கிருந்தவர், "கேஸ் போச்சு சார்" என்றார். வந்த கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சொல்லால் நான் ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறேன்.

கனடா போன இரண்டாவது கோடையில் எங்கள் கார் ஏசி குளிரவில்லை. பழுது பார்க்கும் இடத்துக்குப் போன் செய்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், காரில் கேஸ் தீர்ந்துவிட்டது என்றேன். போனை எடுத்த பெண், பக்கத்து கேஸ் ஸ்டேஷனுக்குப் போ என்றாள். அது தீரவில்லை, எங்கோ கசிகிறது என்று திருத்திச் சொன்னேன். அவள் குரல் மாறிவிட்டது. இன்ஜினை அணை, எல்லாரும் இறங்குங்கள், தூரமாகப் போங்கள், யாரும் நெருப்புப் பற்ற வைக்க வேண்டாம் என்றாள். நானும் சரோஜாவும் பத்து வயதுக் கார்த்தியும் நாற்பது அடி தள்ளிப் புல்வெளியில் நின்று, எங்கள் காரையே பார்த்துக்கொண்டிருந்தோம். "என்னங்க ஆச்சு?" என்றாள் சரோஜா. "வெடிக்குமாம்" என்றேன். திண்டுக்கல்லில் கேஸ் என்றால் அடுப்புக்கு உண்டு, வயிற்றில் உண்டு, ஏசியில் உண்டு, கோர்ட்டிலும் உண்டு. பெட்ரோலுக்கு மட்டும் அந்தப் பெயர் இல்லை. அங்கே முதலில் அது பெட்ரோல், பிறகுதான் மற்றவை. அந்தக் கோடை ஜன்னலைத் திறந்து வைத்தே கழிந்தது. ஆறு வாரக் கோடைக்கு அது போதும்.

பைபாஸ் கடைக்காரர் கேஸ் நிரப்பினார். என்னை உட்கார வைத்து நான்கு வழிச் சாலையில் விரட்டி ஓட்டிக் காட்டினார். ஐஸ் போலக் காற்று வந்தது. வீடு திரும்பும் வழியில் கேட் அடைத்திருந்தது. நான்காவது நிமிடம் மறுபடியும் ஹேர் டிரையர்.

ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். அந்த நான்காவது நிமிடத்தில் எனக்கு எரிச்சலோடு ஒரு நிம்மதியும் வந்தது. காரணம் கிடைத்துவிட்டது, போய்விடலாம் என்று. எட்மண்டனில் என் நாற்காலி, என் மருந்துக் கடை, பனி விழும்போது வரும் அந்தச் சத்தமில்லாத காலை எல்லாம் அரை நொடியில் கண்முன் வந்தன. வந்தவனுக்கு வந்த இடத்தில் பழுதாக ஒன்று இருந்தால் திரும்பிப் போவது சுலபம். இதைச் சரோஜாவிடம் நான் சொல்லவில்லை. படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

வெட்கப்பட்டுத்தான் அடுத்த வேலையைச் செய்தேன் என்று நினைக்கிறேன். எட்மண்டனிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரை ஏசிக் காற்று வரும் துவாரத்தில் சொருகினேன். மைனஸ் நாற்பதுவரை கோடு உள்ள தெர்மாமீட்டர். இங்கே அதில் பாதிக்கு மேல் வேலையே கிடையாது. சரோஜாவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகச் செம்பட்டி வரை போய்வந்தேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எட்டு டிகிரி. நிறுத்தி ஒரு நிமிடத்தில் பதினான்கு. இரண்டாவது நிமிடம் பத்தொன்பது. நான்காவது நிமிடம் இருபத்தாறு. மறுபடி ஓட்டினால் மூன்று நிமிடத்தில் எட்டு. ஆறு முறை நிறுத்தினேன், ஆறு முறையும் அதேதான். பழைய பழக்கத்தில் கோடு போட்டு அட்டவணையாக எழுதினேன்.

சனிக்கிழமை காலை நாகல் நகர் பக்கம் சேவியர் என்பவரின் கடைக்குப் போனோம். ஐம்பது வயது இருக்கும். ஏசி வேலை மட்டும் பார்ப்பவர். சரோஜாவும் கூட வந்தாள். கேட்டில் அவளுக்குப் பிரஷர் இறங்கி மயக்கம் வந்ததைக் கேட்டதும், சேவியர் அவளைக் கடைக்குள் மின்விசிறிக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் காகிதத்தை நீட்டினேன். மருந்துச் சீட்டைப் படிப்பது போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"வாத்தியாரா சார் நீங்க?"

"எப்படித் தெரியும்?"

"அடிக்கோடு போட்டுருக்கீங்க." மறுபடி படித்தார். "ஓடுனா கூலிங், நின்னா கூலிங் இல்ல. இதுலயே எல்லாம் இருக்கு. கேஸ் குறைஞ்சிருந்தா ஓடுனாலும் இம்புட்டு கூலிங் வராது. யாரு கேஸ் போட்டது?"

சொன்னேன். அவர் சிவப்பும் நீலமுமாக இரண்டு மீட்டர் கொண்ட கருவியைக் குழாய்களில் பொருத்தினார். வண்டி நின்றபடியே இன்ஜின் ஓடியது. சிவப்பு மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போனது. "பிரஷர் பாருங்க. அம்மாவுக்கு எறங்குது, வண்டிக்கு ஏறுது" என்றார். சரோஜா சிரித்தாள்.

பிறகு ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வந்து, முன்பக்கக் கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சர் மேல் மக் மக்காக ஊற்றினார். என்னைத் தெர்மாமீட்டரைப் பார்க்கச் சொன்னார். இருபத்து நான்கு, இருபத்தொன்று, பதினேழு. ஒன்பதாவது மக்கில் பதின்மூன்று.

"குளிக்க வச்சா கூலிங் வருது. அப்ப என்ன அர்த்தம்?"

பாடம் கேட்கும் இடத்தில் நான் உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது. "சூடு வெளியே போகவில்லை" என்றேன்.

"ஆங். உள்ள இருக்க சூட்ட கேஸ் இந்தக் கண்டென்சருக்குக் கொண்டாந்து விடுது. காத்து அத அடிச்சுக்கிட்டுப் போகணும். வண்டி ஓடும்போது ரோட்டுக் காத்து அடிக்குது. நின்னா ஃபேன்தான் காத்துக் குடுக்கணும்." குனிந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். "ரெண்டு ஃபேன் இருக்கு. ரேடியேட்டர் ஃபேன் ஓடுது. ஏசி ஃபேன் ஓடல." இன்ஜினை அணைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். செத்த நேரம் தடவினார். அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது.

"சார், வண்டிக்குப் பூச போட்டீங்களா?"

"பழனியில."

"முருகன் இன்னும் உள்ளதான் சார் இருக்காரு."

குறடால் இழுத்தார். காய்ந்த வாழைநார், சுருள் சுருளாக, அதில் ஒட்டியபடி கறுத்துப்போன செவ்வந்தி. ஃபேனின் நடுத்தண்டில் கயிறு திரித்தது போலச் சுற்றியிருந்தது. அதில் ஃபேன் இறுகி நின்று, அதற்குரிய ஃபியூஸும் போயிருந்தது.

வந்த வாரத்திலேயே பழனி போயிருந்தோம். அடிவாரத்தில் வண்டிக்குப் பூஜை. எட்மண்டனில் ஆயுத பூஜையன்று இருபத்து மூன்று ஆண்டும் காருக்குப் பிளாஸ்டிக் மாலைதான் போட்டேன். ஒரு வருடம் முன்னதாகவே பனி விழுந்து, சக்கரத்துக்கடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் பனிக்குள் புதைந்துபோனது. அடுத்த சித்திரையில் பனி உருகியபோது முழுசாகக் கிடைத்தது. அதையெல்லாம் நினைத்தோ என்னவோ, அடிவாரத்தில் பூக்காரம்மா முழங்கையை நீட்டியதும் நான் நிறுத்தவே இல்லை. ஒன்பது முழம். "வண்டிக்குத்தான, ஒரு மொழம் போதுங்க" என்றாள் சரோஜா. பூசாரி பானெட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜினுக்குச் சூடம் காட்டினார். முன்பக்கம் கட்டியது போக மிஞ்சிய சரத்தை இன்ஜின் மேல் போட்டு, நழுவாமல் இருக்கட்டும் என்று நுனியை இடுக்கில் செருகி, பானெட்டை மூடியது நான்தான். திரும்பி வரும்போது சாலையில் எங்கும் நிற்கவில்லை. ஏசி அருமையாக இருந்தது.

சேவியர் நாரை எனக்குக் காட்டிவிட்டு நாற்காலிப் பக்கமும் காட்டினார். சரோஜா என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்: "எத்தன மொழம்னு கேளுங்க அவர்ட்ட."

"எத்தன மொழம் சார்?"

"ஒன்பது" என்றேன்.

"எண்ணி வச்சிருப்பாரு" என்றாள் சரோஜா.

ஃபேனைக் கழற்றித் துடைத்து, விரலால் சுண்டிச் சுழலவிட்டுப் பார்த்து, ஃபியூஸ் மாற்றி, அளவுக்கு மேல் இருந்த கேஸைக் கருவியில் உறிஞ்சிக் குறைத்தார். வேலை நடக்கும்போது நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். கனடா என்றேன். குளிர் எவ்வளவு என்றார். மைனஸ் முப்பது என்றேன்.

"அப்ப அங்க ஏசி மெக்கானிக் என்ன பண்ணுவான்?"

"ஹீட்டர் பார்ப்பான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுதான் சார். வேண்டாத காத்து வருதுன்னு சனங்க வருவாங்க."

அன்று மாலை கார்த்தியிடம் பேசினேன். ஃபேன் கோளாறு, சரியாகிவிட்டது, டிக்கெட்டை மாற்ற வேண்டாம் என்றேன். எதனால் கோளாறு என்று கேட்டான். தூசி என்றேன். பக்கத்தில் சரோஜா வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தூசி என்றே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சித்தையன்கோட்டைக்குக் கிளம்பினோம். கேட் அடைத்திருந்தது. வெளியே முப்பத்தொன்பது டிகிரி. நான் கடிகாரத்தையும் தெர்மாமீட்டரையும் மாறி மாறிப் பார்த்தேன். முதல் நிமிடம் ஒன்பது. நான்காவது நிமிடம் பத்து. ஏழாவது நிமிடமும் பத்து. சரோஜா பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். கம்பளிச் சால்வை, எட்மண்டனில் பஸ் நிறுத்தத்துக்குப் போட்டுக்கொண்டு போவது. "குளிருது" என்றாள். புகாராகச் சொல்லவில்லை.

வாகனங்களுக்கு இடையே கூடையோடு ஒரு பூக்காரம்மா வந்தார். என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். நான் இறக்கினேன். டீசல் புகையும் தார் வாடையும் வெயிலும் ஒன்றாக உள்ளே வந்தன.

"எத்தன மொழம் அப்பு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா குனிந்து சொன்னாள்: "ஒரு மொழம். அக்கா தலைக்கு."

அவர் முழங்கையில் அளந்து கிள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். மல்லிகைச் சரத்தைச் சரோஜா மடியில் வைத்துக்கொண்டாள். ரயில் இன்னும் வரவில்லை. என் வலது கன்னத்தில் வெக்கை அடித்தது. இடது கன்னத்தில் பத்து டிகிரிக் காற்று பட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கண்ணாடிய ஏத்துங்க. இல்ல ஏசிய நிறுத்துங்க" என்றாள்.

கேட் திறக்கும்வரை நான் இரண்டையும் செய்யவில்லை.