முன்கூடத்துக்குப் போன கற்கள்

எங்கள் வீட்டுப் பழைய கல்தரையை மாமா மீட்டுக் கொடுத்தார் என்று காயல்பட்டினத்தில் இன்னும் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். மண்ணாங்கட்டி. அவர் மீட்கவில்லை, பிடுங்கினார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா சவுதியில் இருந்தார். உம்மாவின் தம்பியான மாமா துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். அங்கே ஏதோ பெரிய ஓட்டலில் கல்தரையைப் பார்த்துவிட்டாராம். எங்கள் முன்கூடத்தில் சிமெண்டுக்கு அடியில் அதே மாதிரிக் கல் கிடப்பது ஞாபகம் வந்துவிட்டது. ஊர் வழக்கப்படி மாமா குடியிருந்தது மாமியின் வீட்டில். அங்கே ஓர் ஆணி அடிக்கவும் மாமியைக் கேட்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்து உடைத்தார்.

சிமெண்டைக் கொத்தியதில் அடியில் இருந்த கல் பாதிக்கு மேல் விரிசல் விட்டது. கொத்தனார் கையை விரித்தார்.

"இந்தக் கல்லு இப்ப எங்கன மொதலாளி கெடைக்கும்?"

"அடுப்படில கெடக்குல்லா. அதப் பேத்துப் போடும்வே."

"பொம்பளையாளு நின்னு பொழங்குத எடம்லா?"

"அங்க எவன் வந்து பாக்கப் போறான்?"

"ஏன், நாங்க பாக்க மாட்டமா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, வாய மூடு" என்றார் மாமா.

கொத்தனார் நகரவில்லை. "வீட்டுக்காரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க."

மாமா உள்ளே பார்த்துக் கத்தினார். கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "எடுத்துக்கிடட்டும்."

சாயங்காலத்துக்குள் அடுப்படி வெறும் மண்ணானது. ஒரு வாரத்தில் முன்கூடம் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னியது. மாமாவின் கூட்டாளிகள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்து, மாஷா அல்லாஹ் என்றார்கள். அவர்களுக்கான தேநீரை உம்மா சேற்றில் நின்றுதான் போட்டாள். அடுப்படிக்குச் சிமெண்டு போட்டுத் தருகிறேன் என்ற மாமா, விமானம் ஏறிவிட்டார்.

மறுமாதம், மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்து உம்மாவின் இடது முழங்கை முறிந்தது. அந்தக் கை அப்புறம் நேராக நீளவே இல்லை.

அடுத்த விடுப்பில் வந்த மாமாவுக்கு நான் சலாம் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த மிட்டாயை அவர் முன்னாலேயே வாசலில் கொட்டினேன். உம்மா என்னை அடித்தாள், மற்ற கையால்.

என் கல்யாணத்தின்போது வீட்டை என் பேருக்கு எழுதினார்கள். அன்றுதான் பத்திரத்தைப் படித்தேன். அது உம்மாவுக்கு அவளுடைய உம்மா எழுதிக்கொடுத்த வீடு. மாமாவுக்கு அதில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. உம்மா வேண்டாம் என்று சொல்லியிருந்தால், கொத்தனார் உளியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். அதற்காகத்தான் அந்த மனிதர் கேட்கச் சொல்லிவிட்டு நின்றார்.

இது தெரியாமல் நான் அத்தனை வருடமும் மாமாவை மட்டும் திட்டிக்கொண்டு திரிந்தேன்.