மே மாதத்தில் ஹீட்டர்

காலை பத்தரை மணி. பல்லடத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் என் பழைய கார் கொதித்து நிற்கிறது. இன்ஜின் சூடேறினால் ஹீட்டரை முழுதாக ஓடவிட வேண்டும் என்பது விதி. ஓடவிட்டேன். இன்ஜின் ஆறவில்லை, பட்டுப்புடவையில் என் மனைவி வெந்துவிட்டாள். பதினோரு மணிக்கு அவள் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். அத்தை வராமல் தட்டு மாற்ற மாட்டார்களாம்.

பானட்டைத் தூக்கி வைத்து, ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது, அரைமணி நேரம் பொறுக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்குகிறேன். எதிரே இருக்கும் விசைத்தறிக் கூடத்திலிருந்து, தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு பெண் துடைப்பத்துடன் வந்து, நான் முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்கிறார்.

"ஏனுங்க, கோழி லாரிக்குப் பின்னாலயே வந்தீங்களாட்ட இருக்குதுங்களே?"

"எட்டு கிலோமீட்டருங்க. முந்தக்கூடாதுன்னு ரோட்டுல கோடு போட்டிருக்குதுங்களே."

"முன்னாடி பூராவும் றெக்கை அடைச்சுக் கெடக்குதுங்க. காத்து எப்படிங்க உள்ள போகும்?"

துடைப்பத்தால் நாலு இழுப்பு இழுக்கிறார். ஒரு முழுக் கோழிக்குப் போதுமான இறகு கீழே விழுகிறது. கால்மணி நேரத்தில் சூடு காட்டும் முள் இறங்கிவிடுகிறது. வண்டி நகர்ந்ததும் மனைவி ஹீட்டரை அணைக்கிறாள்.

"ஏனுங்க, உங்க விதியில கோழியே இல்லீங்களா?"