டவர் இல்லாத மலையில் சேதி அனுப்பிய கதை

சிக்னல் இல்லாத இடமாகத் தேடிப் போய் வேலை பார்க்கிற ஒரே தொழில், டவர் இல்லாமல் சேதி அனுப்பும் எங்கள் ஆராய்ச்சிதான்; இதில் மாட்டிக்கொண்ட சகோதரங்களே, உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்!

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு. மண் சரியப் போகிறதென்றால் லயத்துக்குச் சேதி போக வேண்டும், டவரோ எட்டாது. அதற்காகத்தான் ஆள் சுமக்கும் சின்னப் பெட்டிகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சேதி தாவும். எந்தப் பெட்டி வழியாகத் தாவுவது என்று தேட இரண்டு முறை இருக்கிறது. எது தேவலை என்று பார்க்கப் பேராசிரியரும் நானும் போனோம்.

வாய் ஓயாத பெட்டி

முதல் முறை எந்நேரமும் பக்கத்துப் பெட்டிகளிடம் வழி விசாரித்துக்கொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் பேட்டரி காலி. கீழ் லயத்துச் செல்வி அக்காதான் கொழுந்துக் கூடையில் அதைச் சுமந்தவர். விளக்கிச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"எங்கள வேலை வாங்குற கண்டாக்கையா மாதிரின்னு சொல்லுங்க. காலையிலருந்து கத்துவாரு, அவசரத்துக்குத் தேடுனா ஆளே இருக்க மாட்டாரு."

கேட்டால்தான் தேடும் பெட்டி

இரண்டாவது முறை, சேதி வந்த பிறகுதான் வழி கேட்கவே தொடங்கும். கண்டுபிடிப்பதற்குள் நடுவில் பெட்டியோடு கொழுந்து பறித்து நின்ற பெண்கள் அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். மறுபடி முதலிலிருந்து விசாரணை. பார்த்துக்கொண்டிருந்த கண்டாக்கையா தலையை ஆட்டினார்.

"கவர்மெண்டு கச்சேரிக்கு ஒரு காரியமாப் போன மாதிரித்தான் தம்பி. இன்னாரப் பாருன்னு அனுப்புவாங்க, போனா அவரு மாறிப் போயிருப்பாரு."

நூற்றுக்கு நூறு

ஒரு நாள் அடைமழை. ரெண்டு முறையிலும் ஒரு சேதிகூடத் தவறவில்லை! பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்குச் சந்தேகம். மலைக்கு ஏறிப் பார்த்தால் ஒரு கூடையிலும் பெட்டி இல்லை. நனைந்து கெட்டுவிடுமென்று, குழந்தைகளை விட்டுவிட்டு வரும் பிள்ளைக்காம்பராவில் எல்லாவற்றையும் ஒரே அலுமாரியில் அடுக்கி வைத்துவிட்டார்களாம். ஓடிவந்து சொன்னேன். பேராசிரியர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரிசல்ட் நல்லா வந்திருக்கு, இப்ப எதுக்கு மழைக் கதை?"

முதல் கட்டம்

இரண்டு முறையும் அப்பழுக்கில்லாதவை என்று அறிக்கை போனது. நிலையாகப் பொருத்தும் பெட்டிகளும் வந்தன. தோட்ட மேனேஜர் தொரையின் பங்களாவில் ஒன்று, ஃபேக்டரியில் ஒன்று. ரெண்டு இடத்திலும் போன் ஏற்கெனவே நன்றாக எடுக்கும். கீழ் லயம் 'அடுத்த கட்டமாம்'. செல்வி அக்கா என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"அப்ப மண்ணு சரிஞ்சா, எங்கள எந்த எடத்துல தோண்டணும்னு தொரைக்குச் சேதி வந்துரும், இல்லீங்களா தம்பி?"

இத்தனை ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் கண்டது ஒன்றே: எந்த முறையில் விட்டாலும் சேதி பங்களாவைத் தாண்டிக் கீழே இறங்காது.