அழுதவர்களுக்கு அனுமதியில்லை

அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது, வெறும் வயிற்றுப் புண், பத்தியம் இருந்தால் ஆறிவிடும் என்று அவளிடம் சொல்வதாகப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அத்தையோ கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் அட்டெண்டனாக வேலை பார்த்தவள். எந்த நோயாளியை எதற்காக வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் கஞ்சியைத் தள்ளி வைத்தாள்.

"புண்ணுமில்ல மண்ணுமில்ல. புற்றுநோய். வாயத் தொறந்து சொல்லுங்க, நாக்கு வெந்துறாது."

அம்மா குசினிக்குள் ஓடிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அத்தையின் ஆட்சி. பின்னறையில் கிடந்த கட்டில், குண்டசாலை பஸ் போவது தெரியும்படி முன்னறைக்கு வந்தது. வாரம் ஒரு முறை சிங்கள நர்ஸ் ஒருவர் வந்து வலி மருந்து கொடுத்து, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போவார். அடிக்கடி கொடுத்தால் பழகிவிடும் என்று சித்தப்பா பயந்தார்.

"பழகட்டுமே. பழகி நான் எத்தன வருஷம் குடிக்கப் போறேன்?" என்றாள் அத்தை. பாதி மட்டும் விளங்கிய நர்ஸ் சிரித்துவிட்டார். அத்தையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஹட்டனிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். வாசலிலேயே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

"நான் இன்னும் சாகல!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "அழுறவங்க ரோட்டுல நில்லுங்க. தேத்தண்ணி குடிக்கிறவங்க உள்ள வாங்க!"

எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வந்தார்கள்.

அன்று சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டாள். எனக்கு ஒன்பது வயது. "வாசல்ல கதிரையப் போட்டு உக்காரு. கண்ணு ஈரமா இருக்கிற ஒருத்தரையும் உள்ள விடாத" என்றாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் எனக்கு எந்த அதிகாரமும் தந்ததில்லை. வந்தவர்களை எல்லாம் குனியச் சொல்லி முகத்தைப் பார்த்தேன். தடிமன், அதுதான் மூக்கும் கண்ணும் ஒழுகுது என்று சொன்ன கோயில் தலைவரையும் திருப்பி அனுப்பினேன்.

அப்பாதான் பெரிய தொல்லை. பல்லேகலயில் வேலை முடிந்து வரும்போதே கண் சிவந்திருக்கும். தூசி என்பார்.

"முகம் கழுவிட்டு வாங்க."

குழாயடிக்குப் போய்த் திரும்புவார். மறுபடியும் சிவந்திருக்கும். ஒருநாள் மூன்று தடவை அனுப்பினேன். ஒரு வழியாக அவர் உள்ளே போனால், அத்தையும் அப்பாவும், அக்காவும் தம்பியுமாக, பல்லேகலயில் எழும்பிக்கொண்டிருந்த கிரிக்கெட் மைதானத்தைப் பற்றிப் பேசிச் சிரிப்பது கேட்கும்.

ஒரு மத்தியானம் நான் உள்ளே போனபோது அத்தையின் தலையணை நனைந்திருந்தது.

"வேர்க்குதுடி" என்றாள்.

தை மாதக் குளிர். நான் இரண்டு சட்டை போட்டிருந்தேன். ஆனாலும் என் பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பியை எடுத்து, கை வலிக்கும்வரை விசிறினேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இன்னும் விசிறு" என்றாள்.

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். என் கதிரையை யாரோ முற்றத்தில் தூக்கிப் போட்டிருந்தார்கள். நான் வாசற்படியில் ஏறி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"யாரும் அழக்கூடாது! அத்தை ஏசும்!"

அப்பா வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். அவரே விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார்.

"இனி அழலாம்மா. 'நான் போனதும் புள்ளய அழ விடு தம்பி'ன்னு அத்தைதான் சொல்லிட்டுப் போச்சு."

நான் நம்பவில்லை. தான் அழுவதற்காக அப்பா பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். அத்தையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அவர் தோளில் இரண்டு கையாலும் குத்திக்கொண்டு, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.