வாயில் வராத குக்கிப் பெயர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வற்றல் போட்டு விற்றுத்தான் ஆளாக்கினேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் எடை குறைத்தாள், பொய் சொன்னாள் என்று ஒருவர் என்னைச் சொன்னதில்லை என்ற கர்வம் உண்டு. போன வாரம் அது போயிற்று.

கங்கைகொண்டானில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேத்தி எங்கள் கடையை இணையத்தில் ஏற்றியிருக்கிறாள். கடைக்கு என் வீட்டுக்காரர் பெயர். லண்டனில் பலசரக்குக் கடை நடத்தும் தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் வாடிக்கையாளர்களை எங்கள் தளத்துக்கு அனுப்பச் சம்மதித்தாள். அதற்கு முன், அவர்கள் போனில் நாங்கள் என்னென்ன குக்கி வைக்கிறோம் என்று கடைக்காரியான நானே அவளிடம் சொல்ல வேண்டுமாம்.

வந்து போகிறவர் போனில் கடை விட்டுவைக்கும் சின்ன அடையாளச் சீட்டுதான் குக்கி. பேத்தி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"சீட்டு யாருதுன்னு பேர்லயே தெரியணும் ஆச்சி. முன்னால கடைப் பேரு, பின்னால அது செய்யுத வேலை. கூடையில போட்டதை ஞாபகம் வைக்க ஒண்ணு, எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ண ஒண்ணு. எண்ணுததை வர்றவங்க சரின்னு சொன்னாத்தான் வைக்கலாம். என்னென்ன சீட்டு வைக்கோம்னு தளத்துல போடுத அறிவிப்புல உள்ள பேரும் சீட்டுப் பேரும் ஒண்ணா இருக்கணும்."

"இதுல என்னட்டி கஷ்டம்? நீ பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுக்காத. நானே சொல்லுதேன்" என்று அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டேன்.

போனில் அந்த லண்டன் பெண் முகம் தெரிந்தது. ஒவ்வொன்றும் செய்யும் வேலையைச் சரியாகச் சொன்னேன்.

"பேரு என்னம்மா?" என்றாள்.

சீட்டில் முன்னால் நிற்பது என் வீட்டுக்காரர் பெயர். ரேஷன் கடையில்கூட நான் சொன்னதில்லை; அவர் காலமான பிறகும் சொன்னதில்லை. அவள் மறுபடி கேட்க, பதற்றத்தில், "பேர் வச்ச குக்கின்னு எங்ககிட்ட ஒண்ணும் கிடையாது" என்றுவிட்டேன்.

"நான் சரின்னு சொன்னதும் என் திரையில ரெண்டு தெரியுதே அம்மா. மறைக்கிற கடைக்கு நான் ஆள் அனுப்ப முடியாது."

திருடிப் பிடிபட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பேத்தி ஓடிவந்தாள். "அக்கா, அது எங்க தாத்தா பேரு. ஆச்சி சொல்ல மாட்டாவ."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அப்போ பேரை மாத்துங்க. இல்லைன்னா அம்மா கைப்பட எழுதி அனுப்பட்டும்."

"ரெண்டு நிமிசத்துல மாத்திருதேன் ஆச்சி" என்றாள் பேத்தி.

வேண்டாம் என்றேன். இருக்கிற அவர் பெயரை இல்லை என்று சொன்ன வாய் இது; அதை அழிக்கவும் வேண்டுமா? தாளை வாங்கி, எழுத்தெழுத்தாக இரண்டு சீட்டின் பெயரையும், வேலையையும் எழுதினேன். கடைசியில், கிடையாது என்று சொன்னது பொய் என்றும் எழுதினேன்.

எழுத்து கோணல்தான். பேத்தியிடம் நீட்டினேன்.

"போன்ல அந்தப் பிள்ளைக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுட்டி. அவுக பேரை விட்டுராத."