வண்டிக்குக் குழாய் மாட்டும்போது வந்த வலி

யுத்தத்துக்கு முந்திய எங்கள் காரில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதனால் இன்று காலை கெலமங்கலம் வீட்டு வாசலில் ரேடியேட்டரின் ரப்பர் குழாயை மாற்ற உட்கார்ந்தேன்.

பழையதைக் கழற்றிய நேரத்தில் என் மனைவி சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, வலி எடுத்துடுச்சு. ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

பஸ் போய்விட்டது. ஊரில் வேறு வண்டியும் இல்லை. புதுக் குழாயோ விறைத்துக்கொண்டு, எவ்வளவு தள்ளியும் ஏறவில்லை.

சரோஜாவின் இடுப்புக்கு ஊற்றுவதற்காகப் பக்கத்து வீட்டு ஜெயம்மா ஒரு செம்பு வெந்நீரோடு ஓடிவந்தார். நான் அந்தச் செம்பைப் பிடுங்கி அதில் குழாயின் முனையை முக்கினேன்.

"ஐயோ, பிசிநீரு அவளுக்குப்பா, வண்டிக்கில்ல!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினார்.

ரப்பர் இளகியது. குழாய் ஏறியது. கிளிப்பை முறுக்கி, தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். பின்னால் சரோஜா முனகினாள். முன்னால் எங்கே ஆவி கிளம்புமோ என்று பயந்துகொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்தாள். இருவரும் நலம்.

தூக்கப் போனேன். "கிரீஸ் கையோட கொழந்தையத் தொடாதீங்க!" என்றாள் சரோஜா.

மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். "நாத்தம் கொடலப் பொரட்டுது, தள்ளி நில்லுங்க!"

இந்த வாடை போக வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். பெற்ற மகளை நான் இன்னும் தூக்கவில்லை.