கொலுப்படியில் ஸ்பிட்ஃபயர்

எனக்கு மூன்றாவது தடவையாக வரன் பார்த்த சமயத்தில் என் அறையில் ஒரு சண்டை விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு வரன்களும் தட்டிப்போனதற்கு அந்த விமானத்தின் மேல் பழி போட முடியாது. என் வாய்தான் காரணம். முதலில் வந்தவரிடம் அவர் சம்பளத்தைக் கேட்டேன். இரண்டாவது ஆள் என் சம்பளத்தைக் கேட்டார், அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதினால் அம்மா இப்போதும் அடிக்க வருவாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. மாடியில் நான்கு அறைகளை அப்பா வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இங்கே வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வந்த பத்தாம் நாள் உலகத்தைத் துறந்துவிடுவார்கள். துறப்பதையெல்லாம் எங்கள் வீட்டில்தான் துறப்பார்கள். அப்படி எங்களுக்கு வந்து சேர்ந்தவை ஒரு டார்ச் லைட், மலையேறும் பூட்ஸ், நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நுழைந்தாலும் இடம் மிஞ்சுகிற மழைக்கோட்டு. ஓர் இங்கிலாந்து அம்மாள் துறந்தது ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அவருடைய கணவர் ஆசையாக வாங்கி வைத்து, பிரிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாராம். மலையடிவாரத்தில் விட்டுவிடலாம் என்று கடல் தாண்டித் தூக்கி வந்தவர், குரங்கு பிய்த்துப் போட்டுவிடுமே என்று பயந்து என் கையில் கொடுத்துவிட்டார்.

உள்ளே துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் பொம்மை விமானம், பேர் ஸ்பிட்ஃபயர். பெட்டி மூடியில் ஒரு படம். மேகத்துக்கு மேலே ஒரு விமானம் ஒருக்களித்துத் திரும்புகிறது. அவ்வளவுதான், நான் தொலைந்தேன். அந்த இறக்கை இருக்கிறதே, பலா இலை மாதிரி விளிம்பு முழுக்க ஒரே வளைவு. கோணல் இல்லை, முட்டல் இல்லை. சண்டைக்கு என்று செய்த சாமானுக்கு எதற்கய்யா இவ்வளவு அழகு? இதை எனக்கு இன்றுவரை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்திய விமானம், நான் எந்த விமானத்திலும் ஏறியவள் இல்லை. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பேங்க் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு மூன்று மாதம் ஒட்டினேன். பெட்டியில் இருந்த பசை காய்ந்து கல்லாகியிருந்ததால், கடைப் பசையை வாங்கி அதில் பாதியை என் விரல்களுக்கே செலவு செய்தேன். மேலே அடிக்கப் பச்சை வேண்டும், ஜன்னல் கிரில்லுக்கு அடித்த பெயிண்டில் மிச்சம் இருந்தது. பழுப்புக்கு ரெட் ஆக்சைடில் கறுப்பைக் கலந்தேன். அடிப்பக்கத்துக்குப் பாத்ரூம் கதவின் வெளிர்நீலம். முடித்துப் பார்த்தபோது இறக்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை முழங்கை நீளம் இருந்தது. மாடியில் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் பகலெல்லாம் கண்ணை மூடித் தியானம் செய்வார், சாயங்காலமானால் கண்ணைத் திறந்துகொண்டு இதைப் பார்க்க இறங்கி வருவார். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் எதிர்ப்பக்கம் இருந்தவராம். "எங்கப்பாவுக்கு இதைக் கண்டாலே பயம். ஆனா அழகுன்னு சொல்வார்" என்று இங்கிலீஷில் சொன்னார். எதிராளியே ஒத்துக்கொண்ட பிறகு எனக்கு வேறு சான்றிதழ் எதற்கு?

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கல்யாணம் ஆவாத பொண்ணு ரூம்ல சண்டை ப்ளேனு. வர்றவன் பாத்தா இன்னா நெனைப்பான்?" என்பாள்.

வருகிறவன் வேங்கிக்காலில் இருந்து வருவதாக ஏற்பாடானது. கலெக்டர் ஆபீசில் வேலை, சொந்த வீடு, ஒரே பையன். நேராகப் பெண் பார்க்க வந்து வேண்டாம் என்று போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டு தடவை தெரிந்தும் விட்டது. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு தந்திரம் உண்டு. நவராத்திரிக்குப் பையனின் அம்மா கொலு பார்க்கிற சாக்கில் வருவார். சுண்டல் வாங்குகிற நேரத்தில் பெண்ணைப் பார்ப்பார். பையன் அம்மாவைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் வருவான். பிடிக்கவில்லையா, சுண்டல் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

"இந்த எடமும் போச்சுன்னா என்னால தாங்க முடியாதுடி" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு மூணே வார்த்தை. வாங்க. எடுத்துக்குங்க. சரிங்க. வேற எதுக்கும் வாயத் தொறக்காத."

எனக்கே பாவமாகிவிட்டது. சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் பூ வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்து கூடத்தில் கொலுவைப் பார்த்தால் மூன்றாவது படியில் என் ஸ்பிட்ஃபயர்! மூக்கில் சந்தனம், குங்குமம். காற்றாடியில் ஒரு முழம் கதம்பம். இடது இறக்கையில் ராமர், வலது இறக்கையில் சீதை, வாலில் அனுமார்.

"அம்மா! இன்னாம்மா இது?"

"பரண்ல இருந்து எறக்கறப்ப மண் விமானம் ஒடஞ்சி போச்சு. ராமருக்கு ஒக்கார எடமில்ல. யாராவது கேட்டா புஷ்பக விமானம்னு சொல்லு. ஒண்ணும் சொல்லாத, நானே சொல்றேன்."

பையனின் அம்மா வந்தார். நல்ல மனுஷி, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் படிகளையும் பார்த்துவிட்டு மூன்றாவது படியில் கண் நின்றது. எனக்கு நின்ற மாதிரியேதான் நின்றது.

"எவ்ளோ அழகா இருக்குது! இன்னாங்க இது?"

"புஷ்பக விமானம்ங்க. பொண்ணே செஞ்சது" என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்து ராமர் மேல் ஒரு பாட்டும் பாடினார். நான் "எடுத்துக்குங்க" என்று சுண்டலை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, "இந்த மாதிரி ஒண்ணு எங்க கொலுவுல இல்லியே" என்றார்.

"இதையே எடுத்துகினு போங்க. நம்ம வீடு வேற, உங்க வீடு வேறயா?" என்றாள் அம்மா.

மூன்று மாதம் ஒட்டியது அது! ஆனால் சத்தியம் செய்திருந்தேனே! "சரிங்க" என்றேன். அந்தச் சொல்லை எப்படிச் சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அப்பா வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற பையனை உள்ளே கூட்டிவந்தார். ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். அப்பா கொடுத்த சுண்டலோடு கொலுப் பக்கம் குனிந்தார். சிரித்தார்.

"இது ஹரிக்கேன் மாதிரி இல்ல இருக்குது?" என்றார்.

புஷ்பக விமானம் என்றதைப் பொறுத்துக்கொண்டேன். ராமர் ஏறினால் எந்த விமானத்துக்கும் கௌரவம்தான். வேங்கிக்காலுக்குத் தூக்கிக் கொடுப்பதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஆனால் அதே போரில் பறந்த வேறொரு விமானத்தின் பேரையா சொல்வது? ஹரிக்கேனா?

"சார், றெக்கையக் கொஞ்சம் பாருங்க சார்" என்றது ஒரு குரல். என் குரல்தான். "ஹரிக்கேன் றெக்கை தடியா, மொத்தையா இருக்கும். முதுகுல கூன் இருக்கும். இதுல கூன் எங்க இருக்குது, காட்டுங்க! சக்கரம் ரெண்டும் கிட்டகிட்ட இருக்குது பாருங்க, இது வெளிப்பக்கமா மடங்கும். ஹரிக்கேனுக்கு உள்பக்கமா மடங்கும். இது ஸ்பிட்ஃபயர் சார். றெக்கைக்கு நாலு, மொத்தம் எட்டு மெஷின் கன்!" துப்பாக்கி எங்கே என்று காட்டுவதற்காகச் சீதையைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

அப்பா மேலே பார்த்தார். அந்த ஆள் நாலு சுண்டலை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றார்.

அவருடைய அம்மா மெதுவாக என் அம்மாவின் பக்கம் திரும்பினார். "மெஷின் கன்னா? இதப் பாத்தா நான் பாட்டு பாடுனேன்? பொண்ணு சொல்றது நெசமாங்க?"

சமாளிக்க வழி இருந்தது. பொண்ணு தமாஷ் பண்ணுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவுக்கு அந்த வார்த்தை உதடுவரை வந்ததை நான் பார்த்தேன். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கையில் சீதையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நெசம்தாங்க" என்றாள். "சண்டை ப்ளேன்தான். எம்பொண்ணு மூணு மாசம் ஒக்காந்து ஒட்டுனா. பொய் சொன்னது நான்தான், மன்னிச்சுக்குங்க." ராமரையும் அனுமாரையும் எடுத்துப் பலகைமேல் வைத்தாள். "இது அவளுக்கு உசுரு. உங்களுக்கு வேற பொம்மை எதுனா தர்றேன்."

சுண்டல் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் தரகர் அப்பாவுக்கு போன் செய்தார். பொண்ணு ஜாஸ்தி பேசுது, தோதுப்படாது என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அப்பா போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நான் சமையலறை வாசலில் போய் நின்றேன். அம்மா அன்றைய சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு ஆசைப்பட்டாளே, மூன்று வார்த்தையோடு நிறுத்தத் தெரியவில்லையே எனக்கு!

"என்னாலதாம்மா கெட்டுப்போச்சு" என்றேன்.

"கெட்டா கெட்டுப்போவுது, விடு" என்றாள். துருவுவதை நிறுத்தவில்லை. "ஒரு ஹரிக்கேனுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் வித்தியாசம் தெரியல. அவனுக்குப் போய் எம்பொண்ணக் குடுப்பாங்களா?"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.